மேல்பக்கம் கேட்ட கேப்டன்

நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தைதான். அந்த வார்த்தையால் ஒரு மனிதர் தன் பெருமையை இழந்தார், அக்காவும் தம்பியும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. சம்பள உயர்வுகூட வந்தது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் அடுத்தவர்களைப் பற்றியே வம்பளந்துவிட்டேன். இது என் முறை.

சேலத்தில் வாலிபால் போட்டியில் தோற்றுவிட்டு வந்த மறுநாள் காலை. முதல் கோடை மழைக்குக் காப்பி பூத்திருந்தது. மலை முழுக்க மல்லிகை வாசம். அந்த வாசத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எங்கள் அணி வரிசையாக நின்றது. சேலத்து வெயிலில் எல்லோருக்கும் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கேப்டன் அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கினார். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியும் எங்கள் எஸ்டேட்டில் மேனேஜருக்கு 'துரை' என்றுதான் பெயர். இவர் மெட்ராஸ்காரர். கோபம் வந்தால் சத்தம் குறையும்.

"சமதரையில ஒரு நாளாவது ஆடிப் பழகணும்னு ஒருத்தருக்குமா தோணல?" என்று மெதுவாகக் கேட்டார்.

கோச் குப்புசாமி ஓரடி முன்னால் வந்தார்.

"நான் கேட்டேனுங்க. மாரமங்கலத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ரெண்டு நாளு பசங்களக் கூட்டிட்டுப் போறேன்னு ரைட்டரய்யாகிட்டக் கேட்டேனுங்க."

ரைட்டரய்யா என்பது நான். எஸ்டேட் கணக்கு வழக்கு எழுதும் தலைமை ரைட்டர், பி.ஏ., வாலிபால் அணியின் செயலாளர்.

துரை என் பக்கம் திரும்பினார். "கேட்டாரா?"

கேட்டிருந்தார். இதே வாசலில், இதே படியில் நின்று கேட்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

ரசம் ஒதுங்கும் ஊர்

சமதரைக்கும் வாலிபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பறித்த காப்பிப் பழத்தைக் காய வைக்கச் சிமெண்டில் பெரிய களம் போட்டிருப்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் நிற்கக் கூடாது என்று அதைக் கொஞ்சம் சரிவாகப் போடுவது வழக்கம். பறிப்பு முடிந்து களம் காலியானதும் பையன்கள் அதில் நெட் கட்டிவிடுவார்கள். களத்தின் இரண்டு ஓரத்திலும் நடுவாக்கில் பக்கத்துக்கொரு சில்வர் ஓக் மரம் நின்றது. கம்பம் நடும் செலவு மிச்சம்.

ஆக, எங்கள் மைதானத்துக்கு ஒரு மேல்பக்கமும் ஒரு கீழ்ப்பக்கமும் உண்டு. மைதானம் என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். மேலே நின்று அடிக்கும்போது பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும் என்று பையன்கள் கொஞ்சம் அடக்கி அடிப்பார்கள். கீழே நின்றால் தூக்கி, ஓங்கி அடிப்பார்கள். அப்படி அடிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சிறு வயதிலிருந்து ஆடி ஆடிக் கையில் ஏறியது அது. வெளியூர் அணிகள் வந்து எங்களிடம் தோற்றுப் போவார்கள். காரணம் புரியாமல் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள்.

எங்களுக்கும் காரணம் புரிந்ததில்லை. திறமை என்றே நினைத்திருந்தோம். மலையில் இருப்பவனுக்குச் சரிவு கண்ணில் படாது. எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கும். கிண்ணம் கோணல் என்று என் மனைவி மூன்று கிண்ணம் மாற்றினாள்.

சுவர் மேல் ஒரு நிபுணர்

நான் வாழ்நாளில் ஒரு பந்தைக் கையால் தொட்டவனில்லை. ஆனால் களத்தின் ஓரத்துக் கட்டைச் சுவரில் குடையோடு உட்கார்ந்துவிட்டால், அந்தச் சேர்வராயன் மலையிலேயே வாலிபால் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அவன ஏன்யா முன்னால நிறுத்தற? குட்டையா இருக்கானே!"

"சர்வீஸ் போடச் சொன்னா சாமி கும்புடறான் பாரு!"

இப்படி. ஆட்டம் முடிந்து தொண்டை கட்டி வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பாள்: "ஏனுங்க, ஆடுனவங்களே பேசிட்டுத்தான் போறாங்க. உங்களுக்கு மட்டும் எப்புடிங்க தொண்ட போவுது?"

என் கருத்துகள் சும்மா இல்லை. ஆதாரம் உண்டு. வாலிபாலில் ஆட்டக்காரன் செய்யும் தப்பு பத்தில் ஒன்று, மேலே இருப்பவர்கள் செய்வது ஒன்பது என்பது என் கொள்கை. இன்றும் அதுதான் கொள்கை.

உதாரணத்துக்கு எங்கள் துரை. ஒரு வருஷம் உற்சாகம் வந்து, அணிக்கெல்லாம் கான்வாஸ் பூட்ஸ் வாங்கினார். நல்ல காரியம். ஆனால் போட்டி நடக்கும் அன்று காலையில் கொடுத்தார். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் ஆடியவர்கள் அன்று பூட்ஸ் போட்டு ஆடினார்கள். அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சேற்றில் மாட்டிய எருமை கால் எடுத்து வைக்குமே, அப்படி. முதல் செட் முடிந்ததும் எல்லோரும் கழற்றி ஓரமாகக் குவித்தார்கள். இரண்டாவது செட்டில் பந்து போய் அந்தக் குவியலில் விழுந்தது. பந்தை எடுக்கப் போனவன் தடுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான்.

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்று செய்தது அதைவிட அழகு. மலைக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரரை ரகசியமாக இறக்கினார்கள். மிளகு பறிக்க வந்த ஆள் என்று கணக்கு. பாவம், அவருக்கு எங்கள் சாயங்காலக் குளிர் தாங்கவில்லை. ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லா மாட்டி, காதை மூடிக்கொண்டு ஆடினார். கேப்டன் "விடு, விடு" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. கோட்டுக்கு வெளியே போன பந்துகளையெல்லாம் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார். "இவருதான் மொளகு பறிக்கிற ஆளா? ஏணிக்கும் குல்லா மாட்டுவாரு போல" என்று எங்கள் பக்கம் கூவினார்கள்.

மாரமங்கலம் அணியின் செயலாளர் இவர்களுக்கெல்லாம் அண்ணன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்காமலே போட்டி நேரத்துக்குச் சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு பாயிண்ட் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. அந்த நேரம் பார்த்து வளைவில் ஹாரன் கேட்டது. பஸ்ஸை விட்டால் இருட்டில் காட்டு வழி நடை. சர்வீஸ் போடப் போனவன் பந்தை எங்கள் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். அவன் பின்னால் அணி முழுக்க ஓடியது. ஆளில்லாத பக்கம் பந்தைப் போட்டுப் போட்டே நாங்கள் ஜெயித்தோம். அந்த வெற்றிக்கும் கை தட்டியவன் நான்.

இப்படி நான் பேசிக்கொண்டே இருந்தது ஒரு நாள் துரை காதில் விழுந்தது. "இவ்வளவு தெரிஞ்சவர் சுவத்து மேல ஏன் உக்காந்திருக்கணும்? செயலாளரா இருந்து பாரும்" என்றார். சுவரை விட்டு இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் தப்பு அது.

முட்டி

கோச் குப்புசாமி எஸ்டேட் லாரி டிரைவர். ஆட்டத்தில் பெரிய மேதை என்று சொல்ல மாட்டேன். சத்தம் அதிகம், வீறாப்பு அதிகம். "எந்த ஊருக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க, ஜெயிச்சுட்டு வாரோம்" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்வார். ஆனால் தாய் பிள்ளையைப் பார்ப்பது போல அணியைப் பார்த்துக்கொண்டார். எஸ்டேட்டில் அவரை யாரும் டிரைவர் என்று கூப்பிட மாட்டார்கள். கோச்தான். லாரியை நிறுத்தி லிஃப்ட் கேட்கிறவர்கூட "ஏனுங்க கோச்" என்றுதான் கேட்பார். அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே அவர் லாரியை மெதுவாக ஓட்டுவார் என்று சொல்வார்கள்.

கேப்டன் அர்ச்சுனன் அவருடைய மச்சினன். அவர் மனைவி பாப்பாத்தியின் கூடப் பிறந்த தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். பந்தை எம்பி அடித்தானென்றால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு மில்லின் அதிகாரி வந்து பார்க்கப் போகிறார், பிடித்தால் அர்ச்சுனனுக்கு மில் அணியில் இடம், கூடவே மில்லில் நிரந்தர வேலை என்று பேச்சு. பாப்பாத்தி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் குப்புசாமி ஆபீஸ் படிக்கு வந்தார்.

"ரைட்டரய்யா, மாரமங்கலத்து மண்ணுல ரெண்டு நாளு பசங்கள ஆட வெச்சுக் கூட்டியாரட்டுங்களா? லாரிக்கு மட்டும் நீங்க சொல்லிட்டாப் போதும்."

"எதுக்கு?"

"சிமெண்டுல விழுந்து விழுந்து முட்டி எல்லாம் தேஞ்சு போச்சுங்க. அர்ச்சுனனுக்கு நொம்ப மோசம். சீழ் வெச்சிருக்குது. மண்ணுல ஆடுனா கொஞ்சம் ஆறுமுங்க."

செயலாளரான பிறகு எனக்கு எதற்கும் உடனே சரி என்று சொல்லப் பிடிக்காது. சொல்லிவிட்டால் செயலாளர் எதற்கு?

"முட்டி தேயாம வாலிபால் எங்கய்யா இருக்குது? நம்ம களத்தை விட நல்ல களம் இந்த மலையில உண்டா? போய் இங்கயே ஆடச் சொல்லும்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவ்வளவுதான் நடந்தது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம்

லாரியில் மலை இறங்கினோம். வளைவுகளில் பாதி அணி வாந்தி எடுத்தது. சேலத்தில் கால் வைத்தால் தார் ஒட்டுகிற வெயில்.

மைதானம் அருமை. உருளை போட்டு உருட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். "மேஜை மாதிரி இருக்குதய்யா" என்று நானே பாராட்டினேன். மில் அதிகாரி ஓரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

டாஸில் அர்ச்சுனன் ஜெயித்தான்.

"எந்தப் பக்கம் வேணும்?" என்றார் அம்பயர்.

"மேல்பக்கமுங்க."

"எது மேல்பக்கம்?"

அர்ச்சுனன் அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். குனிந்து பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். அவன் முகத்தில் நான் பார்த்த தவிப்பை, நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவன் முகத்தில்கூடப் பார்த்ததில்லை.

குப்புசாமி கண்ணை இடுக்கி மைதானத்தை அளந்தார். "தண்ணித்தொட்டிப் பக்கம் கொஞ்சம் மேடாத் தெரியுதுடா மாப்ள. அதக் கேளு."

நானும் பார்த்தேன். எனக்கும் மேடாகத்தான் தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மேல்பக்கம் என்று முடிவாகிவிட்டதா, பையன்கள் வழக்கம் போல அடக்கி அடித்தார்கள். அத்தனை பந்தும் நெட்டில் போய்ச் சொருகிக்கொண்டது. அடுத்த செட்டுக்குப் பக்கம் மாறினார்கள். இப்போது கீழ்ப்பக்கம் ஆயிற்றே, ஓங்கி அடித்தார்கள். பந்து கோட்டைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, ரோட்டுக்கே போயிற்று.

வேர்க்கடலை விற்றவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "வெளிய அடிச்சாத்தான் பாயிண்டுன்னு யாரோ இவங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க, பாவம்."

மில் அதிகாரி கலரை முடித்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். எழுந்து போனார். அப்போது இரண்டாவது செட்டில் பாதிகூட ஆகவில்லை. அர்ச்சுனன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அடுத்த பந்தை அடித்தான். அதுவும் ரோட்டுக்குப் போனது.

எல்லாம் முடிந்த பிறகு அம்பயர் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார். "ஏனுங்க, தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல ஆடற எடம் சாய்வுங்களா?"

எங்கள் களம்தான் சாய்வு, மற்ற ஊரெல்லாம் சமதரை என்று அந்த நிமிஷம்தான் எங்களுக்கே தெரிந்தது.

பந்தியில் அப்பளம்

மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று சொல்லவில்லை. பெரிய காரணம் எதுவுமில்லை. மற்றவர்கள் தப்பை எல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னவன், அதே மாதிரி ஒரு தப்பை நானும் செய்தேன் என்று பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. படித்தவன் சொல்லும் டிரைவர் சொல்லும் எதிரெதிரே நின்றால் துரை எதை நம்புவார் என்பது எனக்குத் தெரியும். குப்புசாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கோச் பதவி போயிற்று. அன்றிலிருந்து டிரைவர் ஆனார். டீக்கடையில் பையன்கள் "ஏனுங்க டிரைவரே, லாரிய மேல்பக்கம் நிறுத்துறீங்களா, கீழ்ப்பக்கமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. "சரிவு இருக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் மாரமங்கலம் கேட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். முட்டி காணாமல் போய்விட்டது. என் பொய்யை எதிர்த்து நிற்கத் தன் உண்மை ரொம்பச் சின்னது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அப்படிச் சொன்னதால் அவரை யாரும் நம்பவில்லை. தெரிந்திருந்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தை ஏன் காட்டினாய் என்று கேட்டார்கள்.

அர்ச்சுனன்தான் முதலில் கேட்டான். "எம் பொழப்பையும் கெடுத்துட்டு, இப்பப் பொய் வேற சொல்றீங்களா மாமா?" அன்று அக்கா வீட்டை விட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனவன், மாரமங்கலத்தில் மிளகு, காப்பி என்று பிழைத்துக்கொண்டான். பிறகு அந்த வாசப்படி மிதிக்கவில்லை.

குப்புசாமி மகள் செல்விக்கு அவர் சொந்த ஊரான வெள்ளக்கடையில் கல்யாணம் நடந்தது. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், தூரத்து உறவு ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் பாப்பாத்தி எட்டி எட்டிப் பார்த்தாள். நான் முன்வரிசையில் ஜரிகை வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பந்தியில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கே நினைத்தேன். அப்பளம் வந்தது. அப்புறம் பாயசம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அணி என்ன ஆயிற்று என்கிறீர்களா? துரையின் சித்தப்பா மகன் ஒருவரைப் புது கோச்சாகப் போட்டோம். அவர் நடந்த தப்பிலிருந்து பாடம் கற்றவர். ஒரு வருஷம் முழுக்கப் பையன்களைச் சமதரையிலேயே பழக்கினார். அடுத்த பங்குனியில் எங்கள் சொந்தக் களத்திலேயே முதல் ஆட்டத்தில் தோற்றோம்.

வெளியில் சொன்னதும் மனசில் இருந்ததும்

வருஷங்கள் ஓடின. சில வருஷங்களுக்கு முன் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, டிவி கூடாது. மனிதனைக் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தால் பார்க்க வேண்டாததெல்லாம் தெரிகிறது. பாப்பாத்தி எட்டி எட்டிப் பார்த்ததுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

கட்டு அவிழ்த்ததும் பஸ் ஏறி வெள்ளக்கடை போனேன். குப்புசாமி வாசலில் பேரனுடைய மோட்டார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னேன், நீங்கள் கேட்டது உண்மை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் துணியைப் பிழிந்தார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப் போவுது? எனக்குத்தான் அது அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

சரி, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

"சொல்றதுதான் சொல்றீங்க. களம் சரிவா இருக்குதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்னு சேத்துச் சொல்லிருங்க."

"முட்டி தேயுதுன்னுதானே கேட்டீங்க?"

"அது வெளியில சொன்னதுங்க. மனசுக்குள்ள சரிவுதான் இருந்துச்சு."

"உங்க மனசுக்குள்ள இருந்தது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதான் இப்பச் சொல்றேன்ல? தெரிஞ்சுக்கங்க."

உள்ளேயிருந்து பாப்பாத்தி டம்ளரில் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சால்வை

அந்த வருஷக் கோயில் நோம்பிக்கு வெள்ளக்கடை இளைஞர்கள் வாலிபால் போட்டி வைத்தார்கள். பரிசு கொடுக்கப் பழைய ஆள் ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். அர்ச்சுனன் எந்த ஊரில் வாலிபால் நடந்தாலும் வந்துவிடுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்திருந்தான். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். குப்புசாமி எதிர்க்கோடியில் பேரனின் பைக் மேல் உட்கார்ந்திருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். "சேலத்தில் நாம் தோற்றதற்குக் கோச் குப்புசாமி காரணமில்லை. மாரமங்கலத்து மைதானத்தில் பையன்களை ஆட வைக்கிறேன் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் மறுத்தேன். பிறகு அவர் கேட்கவே இல்லை என்று துரையிடம் பொய் சொன்னேன்" என்றேன். மைக் கொர் என்றது.

பிறகு விழாக்குழுத் தலைவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "பாருங்க ஜனங்களே, இந்த வயசுலயும் அடுத்தவங்க பழியத் தன் தலையில போட்டுக்கற பெருந்தன்மை நம்ம ரைட்டரய்யாவுக்குத்தான் வரும்!" என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"ஒரு நிமிசமுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அர்ச்சுனன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான்.

"மாமா கேட்டாருங்கறீங்களே, எதுக்குக் கேட்டாரு? சரிவு தெரிஞ்சா கேட்டாரு?"

நான் குப்புசாமியைப் பார்த்தேன். பைக் மேல் உட்கார்ந்தபடி, அவர் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. கையால்கூட ஜாடை காட்டினார். ஆமாம் என்றால் போதும். அவருக்கு அந்த ஊரில் நிரந்தரமாக ஒரு பெரிய பெயர் கிடைத்துவிடும். நான் கொடுக்க வேண்டிய கடனுக்கு மேலேயே கொடுத்த மாதிரி ஆகும். வாய் வரை வந்தது.

"இல்லப்பா" என்றேன். "சிமெண்டுல விழுந்து பசங்களுக்கு முட்டி தேயுதுன்னு கேட்டார். உன் முட்டியில சீழ் வெச்சிருக்குது, மண்ணுல ஆடுனா ஆறும்னு சொன்னார். சரிவு எங்க யாருக்குமே தெரியாது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குப்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். அர்ச்சுனன் மட்டும் சிரிக்கவில்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி முட்டியைப் பார்த்தான். அங்கே என்ன இருந்ததோ, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"சரிவுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேனுங்க" என்றான். "அதத்தான் அவரு இத்தன வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. ஆனா அந்த வாரம் தெனமும் ராவுல மஞ்சளும் வேப்பெண்ணெயும் காச்சி எம் முட்டியில போட்டு உட்டாரு. அது எனக்கும் அவருக்குந்தான் தெரியும்."

நேராகப் பைக்கிடம் போனான். நான் சால்வையோடு பின்னாலேயே போனேன்.

"ஏன் மாமா, முட்டிக்குத்தான் கேட்டேன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னாச் சிரிப்பாங்கடா மாப்ள."

"இப்ப மட்டும் என்ன பண்றாங்களாம்?"

குப்புசாமி என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "ஏன்யா, அந்த முட்டிக் கதைய மைக்குல சொல்லோணுமா?"

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை. டீக்கடையில் அவரை 'முட்டி கோச்' என்று கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி. கோச் என்ற பட்டம் திரும்ப வந்ததில் பாதி மகிழ்ச்சி, முன்னால் முட்டி சேர்ந்ததில் முழுக் கோபம்.

அடுத்த மாதம் பாப்பாத்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். தம்பி முதல் தடவையாகச் சாப்பிட வருகிறான், நீங்களும் வர வேண்டும் என்று. போனேன். உள்ளே மாமனும் மச்சினனும் அந்த இரண்டாவது செட்டைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் அக்காவுக்குச் சேலையும் ஒரு பெரிய பலாப்பழமும் கொண்டு வந்திருந்தான். சேலை அவள் தோளில் கிடந்தது.

வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது பாப்பாத்தி வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எந் தம்பியக் கூட்டியாந்து ஊட்டுல உட்டுட்டீங்க ஐயா, நல்லா இருப்பீங்க. எம் புள்ள கல்யாணத்துல அவன் நிக்க வேண்டிய எடத்துல வேற ஆளு நின்னுதே, அத என்னங்க பண்ணுவீங்க?"

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"செரி, உள்ள வாங்க. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள்.